முதல் நாவல் எழுதுபவருக்குச் சிங்கப்பூரில் துணை எங்கே கிடைக்கும்? இலக்கியச் சந்திப்புகள் பற்றி ஒரு மதிப்புரை

சிங்கப்பூரில் தமிழில் எழுதுபவர்களுக்கு இடப்பஞ்சம் இல்லை. மாதக் கூட்டம், நூலக வாசகர் வட்டம், எழுத்தாளர் விழா, பட்டறை, போட்டி என்று எல்லாம் உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமும் கிடையாது. அப்படியிருந்தும் பலருடைய முதல் நாவல் ஏழாவது எட்டாவது அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறது. கதை தெரியாமல் நிற்பதில்லை. அந்த ஏழு அத்தியாயங்களையும் வரிசையாகப் படித்துவிட்டு "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க ஒருவர்கூட இல்லாததால்தான் நிற்கிறது. எனவே ஒவ்வோர் இடத்தையும் ஒரே கேள்வியை வைத்து இங்கே மதிப்பிடுகிறோம்: நாவலை முடிக்கும்வரை கூடவே வரும் நட்பு அங்கே கிடைக்குமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சிறுகதை எழுதுபவருக்கு இந்த ஏற்பாடுகள் மொத்தத்துக்கும் ஐந்தில் நாலரை தரலாம். நாவல் எழுதுபவருக்கு இரண்டரைதான். கூட்டத்தின் நேரம், போட்டியின் அளவு, பத்திரிகையில் கிடைக்கும் இடம் எல்லாமே சிறுகதைக்காகவும் கவிதைக்காகவும் வகுக்கப்பட்டவை. தேசியக் கலைகள் மன்றம் 1993இல் தொடங்கிய தங்கமுனை விருதும் சிறுகதைக்கும் கவிதைக்குமான போட்டியே. சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் நாவல் போட்டியிடலாம். ஆனால் அது அச்சான புத்தகத்துக்குத் தரப்படும் பரிசு. பாதி எழுதியவருக்கு அதில் இடமில்லை. அங்கும் நாவலும் சிறுகதைத் தொகுப்பும் புனைவு என்ற ஒரே பிரிவில்தான் நிற்கின்றன. ஆக, எழுதிக்கொண்டிருக்கும் காலத்துக்கான துணையை நாமேதான் கட்டியெழுப்ப வேண்டும். அதற்கு ஆட்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பொது இடங்கள். இது புரிந்தவருக்கு அந்த இரண்டரை நான்காக உயரும்.

தொடங்க ஏற்ற இடம் கதைக்களம். 1976இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் நடத்தும் மாதாந்தரச் சந்திப்பு அது. சிறுகதைப் போட்டிக்குத் தொடக்க வரிகளைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வரிகளிலிருந்து கதையை வளர்த்து அனுப்ப வேண்டும். மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. வந்த கதைகள் பேசப்படும், பரிசும் உண்டு. அடுத்த சந்திப்பு எங்கே, எத்தனை மணிக்கு என்பதைத் தமிழ் முரசின் நிகழ்ச்சி அறிவிப்புகளிலும் கழகத்தின் ஃபேஸ்புக் பக்கத்திலும் பார்த்துக்கொள்வது நல்லது. இடம் மாறியது தெரியாமல் பழைய இடத்தில் போய் நிற்பவர்கள் உண்டு.

நாவல் எழுதுபவர் அங்கே போய் என்ன செய்வது? இரண்டு காரியங்களைச் செய்யலாம். ஒன்று, கெடுவுக்குள் ஒரு கதையை முடித்து அனுப்பும் பழக்கம். நாவலுக்குக் கெடு வைப்பவர் யாருமில்லை. மாதம் ஒரு முறையாவது ஒரு படைப்பை "முடிந்தது" என்று கையைவிட்டு அனுப்பிவிடுவது கைக்கு நல்ல பயிற்சி. மற்றது, அதைவிட முக்கியமானது: அங்கே வாசிக்கப்படும் கதைகளைவிட அவற்றைப் பற்றிப் பேசுபவர்களைக் கவனியுங்கள். "அருமை, வாழ்த்துகள்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுபவர் நல்ல மனிதராக இருப்பார், ஆனால் உங்களுக்குத் தேவையானவர் அவர் அல்ல. "அந்தப் பெண் கடைக்குப் போகும் இடத்தில் நான் குழம்பிவிட்டேன்" என்று இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர். அப்படி ஒருவர் கண்ணில் பட்டால் கூட்டம் முடிந்ததும் போய்ப் பேசிவிடுங்கள்.

எப்படிப் பேசுவது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே முந்நூறு பக்கத்தை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அவர் மரியாதைக்காக "பார்க்கிறேன் தம்பி" என்பார், பார்க்க மாட்டார், அதன்பின் உங்களைக் கண்டாலே அவருக்குச் சங்கடமாக இருக்கும். மாறாக, அவர் எழுதிய புத்தகம் ஏதாவது இருந்தால் நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, அடுத்த மாதம் அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். மூன்றாவது சந்திப்பில், "ஐயா, ஐந்தே பக்கம், இந்தப் பேச்சுவழக்கு காதுக்குச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் சொல்ல முடியுமா?" என்று கேட்டால் மறுப்பவர் அரிது. ஐந்து பக்கத்துக்கும் ஒரு கேள்விக்கும் மூத்தவர்கள் மனமுவந்து நேரம் தருவார்கள். கழகத்தில் நீண்ட காலம் இருப்பவர்களிடம் இந்தப் பண்பு நிறையவே உண்டு. அதை மதித்துப் பயன்படுத்த வேண்டும்.

வாசகர் வட்டங்கள் வேறு வகை. அங் மோ கியோ நூலகத்தோடு சேர்த்துப் பேசப்படும் வாசகர் வட்டம் போன்றவற்றில் நீங்கள் எழுதியதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், மற்றவர்களின் நாவல்களைத்தான் பேசுவார்கள். முதல் நாவல் எழுதுபவருக்கு இது குறை அல்ல. நானூறு பக்க நாவலை முழுதாகப் படித்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம் பேசுபவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கேதான் நாளைக்கு உங்கள் கையெழுத்துப்படியையும் முழுதாகப் படிக்கக்கூடியவர் இருப்பார். போகும்போது ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள். எந்தப் பக்கத்தில் பலருக்கும் ஆர்வம் குறைந்தது, எந்தப் பாத்திரத்தின் பெயரை யாருமே நினைவில் வைத்திருக்கவில்லை, எந்தக் காட்சியை யாரும் கேட்காமலே எல்லாரும் குறிப்பிட்டார்கள் என்று குறித்துவையுங்கள். நாவலின் கட்டுமானத்தைப் பற்றிப் பாடநூலில் படிப்பதைவிட இது பல மடங்கு பயன் தரும். ஒரே எச்சரிக்கை: புத்தகத்தைப் படிக்காமல் போகாதீர்கள். இரண்டு முறை அப்படிப் போனால் உங்களை அங்கே வாசகராக யாரும் எண்ண மாட்டார்கள்.

தேசிய நூலகத்துக்குத் தனி மதிப்பெண் தர வேண்டும். நட்பு அங்கே நேரடியாகக் கிடைக்காது, ஆனால் நட்பு நிலைப்பதற்கான எல்லாமே அங்கே இருக்கிறது. 100, விக்டோரியா ஸ்திரீட்டில் 2005இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. கீழே நிலத்தடியில் மத்தியப் பொது நூலகம். 7ஆம் மாடியிலிருந்து 13ஆம் மாடிவரை லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். மேற்கோள் நூலகப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். 11ஆம் மாடியில் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு இருக்கிறது. பழைய சிங்கப்பூரை நாவலில் கொண்டுவருபவர் பல சனிக்கிழமைகளை அங்கே செலவிட வேண்டிவரும்.

வீட்டிலிருந்தே பயன்படுத்தக்கூடியது அவர்களுடைய மின்னிலக்கச் செய்தித்தாள் தளம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அதில் உண்டு. சில இதழ்களை நூலகக் கணினியில் மட்டுமே திறக்க முடியும், அதனால் தேவையான தேதிகளை வீட்டிலேயே குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சம். செய்தியைவிட விளம்பரங்களைப் பாருங்கள்: புடவை என்ன விலை, எந்தத் திரையரங்கில் எந்தப் படம், வேலைக்கு ஆள் தேடுபவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழிலும் நேர்காணல்கள் உண்டு. 1950களில் துறைமுகத்தில் வேலை செய்தவர் எப்படிப் பேசியிருப்பார் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

இனி நூலகத்தின் குறை. வாசிப்புப் பகுதியில் உரக்கப் பேச முடியாது. நாலு பேர் உட்கார்ந்து அத்தியாயத்தை அலச அது ஏற்ற இடமல்ல. அமைதியாகச் சேர்ந்து எழுத மட்டும் நூலகம், பேசுவதற்கு வேறிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிராஸ் பாசா வளாகமும் சுற்றியுள்ள கோப்பிக்கடைகளும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. மதிய உணவு நேரத்தைத் தவிர்த்து மூன்று மணிக்குப் போனால் ஒரு கோப்பி ஓவோடு (பாலில்லாக் கோப்பி) இரண்டு மணி நேரம் உட்காரலாம். மழைக்காலத்துக்கும் பெரிய குழுவுக்கும் சமூக மன்ற அறைதான் சரி. சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகத்தின் இணையத்தளத்தில் அறை வாடகைக்குப் பதிவுசெய்யலாம். உங்கள் வட்டார இந்தியர் நற்பணிச் செயற்குழுவிடம் முன்கூட்டியே பேசினால், அதை ஒரு தமிழ் நிகழ்ச்சியாக ஏற்று இடத்துக்கு அவர்களே உதவ வாய்ப்பு உண்டு. கேட்டுப்பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

சிங்கப்பூர் எழுத்தாளர் விழா ஆண்டின் பிற்பகுதியில் வரும். 1986இல் எழுத்தாளர் வாரமாகத் தொடங்கி, 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. தமிழ் அமர்வுகள் தரமானவை, கேட்க வேண்டியவை. ஆனால் நட்பு தேடுபவர் மேடையைவிட வெளியே காத்திருக்கும் வரிசையைத்தான் அதிகம் பயன்படுத்த வேண்டும். ஏப்ரலில் வரும் தமிழ்மொழி விழாவுக்கும் இதே சொல் பொருந்தும். சிங் லிட் ஸ்டேஷன் போன்ற அமைப்புகளின் பட்டறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை ஒட்டியவை. உங்களுக்கு ஆங்கிலம் கைவரும் என்றால் அமைப்பும் உத்தியும் கற்கப் போகலாம். தமிழ் வாக்கியத்துக்கு அங்கே துணை தேடக் கூடாது.

இப்போது உண்மையான வேலைக்கு வருவோம். மேலே சொன்ன இடங்களிலிருந்து மூன்று பேரைப் பிடித்தாயிற்று என்று வையுங்கள். உங்களோடு நான்கு. நாவலுக்கு நான்குதான் சரியான எண்ணிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சந்திப்பு என்றால் ஆண்டுக்கு 26. ஒரு சந்திப்பில் இருவருடைய அத்தியாயம் என்றால் ஒருவருக்கு 13 முறை வாய்ப்பு. முறைக்கு 3,000 சொல் கொடுத்தால் 39,000 சொல். அச்சில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால் ஏறக்குறைய 195 பக்கம். ஒரு முதல் நாவல் ஓராண்டில் முழுதாகக் குழுவின் கண்ணில் பட்டுவிடும். இதையே மாதம் ஒரு முறை என்று வைத்தால் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் ஒருவர் வேலை மாறுவார், ஒருவருக்குக் குழந்தை பிறக்கும், குழு கலைந்துவிடும். எட்டுப் பேர் சேர்ந்தாலும் இதே கதிதான். மாதக் கூட்டத்தைப் பார்த்து அதே மாதிரி நடத்தப்படும் நாவல் குழுக்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தோற்கின்றன.

ஆட்களைச் சேர்க்கும்போது ஒரு கலவையைக் கவனியுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். 1985இல் நடக்கும் காட்சியில் நாயகன் எம்ஆர்டியில் ஏறினால், முதல் ரயில் 1987 நவம்பரில்தான் ஓடியது என்று உள்ளூர்க்காரர் உடனே பிடித்துவிடுவார். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் 2012இல் யாரையாவது வழியனுப்பினாலும் அப்படித்தான். அங்கிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30இல் போய்விட்டது. மறுபக்கம், கும்பகோணத்தில் வளர்ந்த பாத்திரம் பேசும் தமிழ் எங்கே போலியாக ஒலிக்கிறது என்பதை அங்கிருந்து வந்தவர்தான் சொல்ல முடியும். நால்வரும் நாவல்தான் எழுத வேண்டும் என்பதில்லை, ஆனால் நால்வரும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எழுதாமல் கருத்து மட்டும் சொல்பவர் ஒருவர் இருந்தால், ஆறு மாதத்தில் அவர் நடுவராகிவிடுவார், மற்றவர்கள் போட்டியாளர்களாகிவிடுவார்கள்.

அத்தியாயத்தைச் சந்திப்புக்கு ஏழு நாள் முன்பே அனுப்புங்கள். முந்தின இரவு வருவதை எம்ஆர்டியில் நின்றுகொண்டு கைப்பேசியில் படிப்பார்கள், கருத்தும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். கெடு தவறினால் அந்த முறை அடுத்தவருக்குப் போய்விட வேண்டும். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். சந்திப்பில் ஒருவருக்கு 45 நிமிடம். எழுதியவர் ஐந்து நிமிடத்தில் தன் கேள்வியைச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். மற்ற மூவருக்கும் தலா பத்து நிமிடம். மீதிப் பத்து நிமிடம் எழுதியவருக்கு. இடையில் அவர் வாய் திறந்து "அது அப்படியில்லை, நான் நினைத்தது என்னவென்றால்" என்று தொடங்கினால் அன்றைய பயன் போயிற்று. புத்தகம் வெளிவந்த பிறகு ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் நின்று அவரால் விளக்க முடியாது.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன சொல்வது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். முதலில், படித்த அத்தியாயத்தில் என்ன நடந்தது என்பதைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். வெறும் கதைச்சுருக்கம்தான், ஆனால் எழுதியவருக்கு இதைப்போலப் பயன்படுவது வேறெதுவும் இல்லை. மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் காட்சி தெளிவாக இறங்கவில்லை என்று யாரும் குறை கூறாமலே அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்து, எந்தப் பக்கத்தில் வேகம் குறைந்தது, எங்கே பக்கத்தைப் புரட்டத் தோன்றியது. கடைசியாக, அடுத்து என்ன தெரிந்துகொள்ள ஆசை. இந்தக் கடைசிக் கேள்விதான் ஊக்கம் தருவது. "நன்றாக இருக்கிறது" என்பது வீட்டுக்குப் போவதற்குள் மறந்துபோகும். "அந்த அண்ணன் கடிதத்தைப் படித்தானா இல்லையா?" என்ற கேள்வி இரண்டு வாரம் மனத்தில் கிடந்து எழுதவைக்கும்.

ஒற்றுப்பிழையைப் பற்றிப் பேச்சில் ஒரு நிமிடம்கூடச் செலவிடாதீர்கள். நம் ஊர்க் குழுக்களில் ஆசிரியர்கள் நிறைய இருப்பதால் "இங்கே ஒற்று மிகாது" என்று தொடங்கி அரைமணி நேரம் ஓடிவிடும். பிழைகளைக் கோப்பிலேயே குறித்து அனுப்பிவிடலாம். அதற்குக் கோப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது அடுத்தவர் கணினியில் புரியாத குறிகளாகத்தான் தெரியும், ஆகவே யூனிகோடு மட்டும். முரசு அஞ்சலோ, தமிழ் 99 விசைப்பலகையோ, ஆங்கில ஒலிப்பு முறையோ எதில் தட்டினாலும் சரி, சேமிப்பது யூனிகோடாக இருக்க வேண்டும். கூகிள் ஆவணத்தில் "கருத்து மட்டும்" என்ற அனுமதியோடு பகிருங்கள். திருத்தும் அனுமதி கொடுத்தால் நல்லெண்ணத்தில் யாராவது உங்கள் வாக்கியத்தை மாற்றி எழுதிவிடுவார்கள், மூன்று அத்தியாயம் கழித்து எது உங்கள் நடை என்றே தெரியாமல் போகும்.

எல்லாக் குழுக்களும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. 15,000 சொல்லைத் தாண்டியதும் எழுதுபவருக்கு முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுத ஆசை வரும். குழு சொன்ன கருத்துகளையெல்லாம் சேர்த்து மெருகேற்றி மறுபடி அதையே அனுப்புவார். படிப்பவர்களும் "இப்போ ரொம்ப நன்றாக இருக்கிறது" என்பார்கள். நாவல் அங்கேயே நின்றுவிடும். இதற்கு ஒரே மருந்து, முதல் வரைவு முடியும்வரை திருத்திய அத்தியாயத்தைக் குழு ஏற்காது என்ற விதி. மாற்ற வேண்டியதைத் தனிக்கோப்பில் குறித்துக்கொண்டு, மாற்றிவிட்டதாகவே நினைத்து அடுத்த அத்தியாயத்தை எழுதுங்கள். பாத்திரத்தின் பெயரையே மாற்றினாலும் அப்படித்தான்.

கருத்துச் சொல்லும் சந்திப்போடு, பேசாமல் சேர்ந்தெழுதும் நாள் ஒன்றையும் மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஐம்பது நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் பேச்சு, மீண்டும் ஐம்பது நிமிடம். 1999இல் அமெரிக்காவில் தொடங்கி நவம்பர் மாதத்தில் 50,000 சொல் எழுதவைத்த நானோரைமோ (NaNoWriMo) இயக்கம் உலகெங்கும் பரப்பிய பழக்கங்களில் இதுவும் ஒன்று. அந்த அமைப்பு மூடப்படுவதாக 2025இல் அறிவித்துவிட்டது, பழக்கத்தைத் தொடர யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அவர்களுடைய நாளுக்கு 1,667 சொல் என்ற கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டி வருவதால், அதே அளவு கதை குறைந்த எண்ணிக்கையில் அடங்கிவிடும். வேலைக்குப் போய்வருபவருக்கு நாளுக்கு 500, வார இறுதியில் 1,000 என்பது நிறைவான இலக்கு.

நால்வருக்குமான வாட்ஸ்அப் குழுவைத் தேதி குறிக்கவும் இடம் சொல்லவும் மட்டும் வையுங்கள். அத்தியாயத்தைப் பற்றிய கருத்தை அதில் போடத் தொடங்கினால் கட்டைவிரல் படங்களாகக் குவியும், நேரில் பேச ஒன்றும் மிஞ்சாது. பொங்கல் வாழ்த்து, அரசியல் காணொளி எல்லாவற்றுக்கும் வேறு குழுக்கள் இருக்கின்றன.

முழு வரைவும் முடிந்ததும் குழுவின் மற்ற மூவரையும் விட்டுவிட்டு, கதையே தெரியாத இருவரிடம் கொடுங்கள். வாசகர் வட்டத்தில் கண்டுவைத்தவர்கள் இப்போதுதான் தேவைப்படுவார்கள். அச்சிட்டு, சுருள்கம்பி போட்டு, ஓரத்தில் எழுத இடம் விட்டுக் கொடுங்கள். திரையில் கொடுத்தால் பாதியில் நிறுத்தியதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். தாளில் எந்தப் பக்கம்வரை குறிப்பு இருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள். அந்த ஆறு வாரத்தில் பதிப்பு வேலையைத் தொடங்கலாம். சிங்கப்பூரில் வெளியிடுவதானால் நூலுக்கான ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் கட்டணமின்றிப் பெறலாம். வெளிவந்தபின் சட்டப்படி இரண்டு பிரதிகளை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பதிப்பு மானியம் கேட்பதாக இருந்தால் தேசியக் கலைகள் மன்றத்தின் நடப்பு விதிகளை அச்சுக்கு அனுப்பும் முன்பே படித்துவிடுங்கள். வேலையை முடித்துவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் ஏற்காத மானியங்கள் பல உண்டு. நன்றியுரைப் பக்கத்தில் குழுவின் அந்த மூவரின் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் போட வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.